காற்றில் ஒரு சுற்று

ஜூலை 18, செவ்வாய்

இன்று எனக்கு ஃபுட்பேக்கில் அந்தச் சுற்று வித்தை வந்துவிட்டது!

தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. இன்றும் இலை வரவில்லை. இலை வாட்டும் மாடி காலியாகக் கிடந்தது. என்னுடன் தூள் சலிக்கும் மல்லிகாவும் நானும் அங்கேதான் ஃபுட்பேக் ஆடுவோம். ஜவ்வரிசி நிரப்பிய சின்னப் பை. கை படாமல் காலாலேயே தட்ட வேண்டும்.

நான்கு மாதமாக ஒரே வித்தையில் திண்டாடுகிறேன். பாதத்திலிருந்து பையை மேலே விட்டு, அது இறங்குவதற்குள் காலை அதைச் சுற்றிக் கொண்டுவந்து, அதே பாதத்தில் ஏந்த வேண்டும்.

"அக்கா, கை ரெண்டும் கோழி றெக்கையாட்டம் அடிச்சுக்குதுங்க. நிக்கற காலு முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க," என்றாள் மல்லிகா.

மடக்கினேன். தோளைத் தளர்த்தினேன். பை முழங்கால் உயரம் எழும்பியது, கால் சுற்றி வந்தது, பை சத்தமில்லாமல் பாதத்தில் உட்கார்ந்தது. அலறிவிட்டேன்.

வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று பத்து நாளாகச் சொல்கிறார். பதில் கேட்கத்தான் வந்திருப்பார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"என்ன புள்ள அது? இன்னொருக்கா பண்ணு."

பண்ணினேன். மறுபடியும் நின்றது! சிரித்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் முயன்றார். பை ஜன்னல் வழியே தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. மூவரும் கீழே இறங்கித் தேடி எடுத்தோம்.

சாப்பிடும்போதும் அவர் திருப்பூர் பேச்சை எடுக்கவில்லை. நாளையும் இலை வராதாம். இடது காலில் முயன்று பார்க்க வேண்டும்.