பார்க்காமல் போட்ட கையெழுத்து

ஏப்ரல் 7

ஆறு மணி நேரப் பேருந்து. இறங்கும்போது முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இருபதாவது வருடமாக அதே விடைத்தாள் திருத்தும் முகாம், அதே விடுதி, கதவைச் சரியாகச் சாத்த முடியாத அதே அறை. கணக்கு டீச்சர் எனக்கு முன்பே வந்து ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்துவிட்டாள். நான் அவளை நெட்டை என்பேன், அவள் என்னைக் குட்டை என்பாள். வருடத்துக்குப் பதினைந்து நாள் சிநேகிதம். அவள் வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் இவளிடம்தான் கொட்டுகிறேன்.

ஏப்ரல் 8

அவள் திருத்துகிறாள். நான் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். சரிபார்ப்பதாவது! அவள் கூட்டலில் தப்புக் கண்டுபிடிக்க இனிமேல்தான் ஒருத்தி பிறந்து வர வேண்டும்.

பக்கத்து மேசையில் சின்ன டீச்சர்கள் போனைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்கள். ஒருத்தி பெயர் இன்னொருத்திக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். "நம்ம காலத்துல..." என்று ஆரம்பித்தேன். "வாய மூடு, கிழவி மாதிரி பேசாத" என்றாள் நெட்டை.

ஏப்ரல் 9

வெயில். களைப்பு. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 10

பஸ்ஸில் குடையைத் தொலைத்த கதையை நெட்டை சொன்னாள். முந்தாநாளும் அதைத்தான் சொன்னாள்.

மதியம் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. விழித்திருப்பதற்காக ஒரு தாளை நிஜமாகவே கூட்டிப் பார்த்தேன். அவள் போட்டிருந்தது 61. வர வேண்டியது 79. நான்காம் பக்கத்தை மொத்தமாக விட்டிருக்கிறாள். அந்தக் கட்டிலேயே இன்னும் மூன்று. சத்தமில்லாமல் திருத்தினேன்.

முதல் இரண்டு நாள் கட்டுகள்? சீல் வைத்துப் போய்விட்டன. என் கையெழுத்தோடு.

ஏப்ரல் 11

சொன்னால் அவள் மானம் போகும். சொல்லாவிட்டால் — யார் யார் பெற்ற பிள்ளைகளோ. பதினெட்டு மார்க்கில் ஒரு பிள்ளையின் படிப்பே மாறிப்போகும். நான் என்னடி பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்கு.

ஏப்ரல் 12

முகாம் அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். "பாக்காமலே கையெழுத்துப் போட்டேன் சார்." கட்டுகளைப் பிரித்தார்கள். பதினோரு தாளில் தப்பு. இனி எங்கள் இரண்டு பேருக்கும் முகாம் கிடையாது.

அறையில் நெட்டை போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இருபது வருஷமும் பாக்காமத்தான் போட்டியா?"

"உன்மேல இருந்த நம்பிக்கைடீ."

"ஆறு மாசமா எனக்குக் கூட்டல் தடுமாறுது. டாக்டர்கிட்டயும் போயாச்சு. வீட்ல போகாதேன்னாங்க. குட்டை பக்கத்துல இருக்கா, ஒண்ணு விடாம பாப்பான்னு நம்பித்தான் வந்தேன்."

அவள் பேருந்து முதலில் கிளம்பியது. திரும்பிப் பார்க்கவில்லை.

மே 3

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 20

எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

மார்ச் 28

இன்று அவள் மகள் எடுத்தாள். "அம்மாவே கேட்டுட்டிருந்தாங்க ஆன்ட்டி. ஏப்ரல் வந்தா குட்டை வருவாளேன்னு." முகவரியைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 7

முகாமுக்குக் கூப்பிட ஆளில்லை. அதே பையைத் தூக்கிக்கொண்டு நெட்டை வீட்டுக்குப் போனேன். எட்டு மணி நேரம். இடுப்பு விட்டுப்போயிற்று. நீலக் கதவு, வாசலில் இரண்டு படி. இருபது வருடம் கழித்து இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

என்னை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். மறந்தே போய்விட்டாளோ? பிறகு, "லேட்டு. ஜன்னல் கட்டில் போச்சு" என்றாள்.

மேசையில் பேத்தியின் கணக்குத் தாள், சிவப்புப் பேனா. திருத்தி முடித்து என் பக்கம் தள்ளினாள். ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினேன். இரண்டு மார்க் குறைந்தது. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன்.

"எங்க விட்டேன்?"

"மூணாம் பக்கம்."

திருத்திவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"இப்பவாவது பாத்தியே."

கையெழுத்துப் போட்டேன்.