செல்வராஜின் குரல்

15-11-1987, ஞாயிறு, சித்தூர்.

எங்கள் சர்ச் அறுப்பின் பண்டிகையில் இன்று சிரிப்புப் போட்டியை நானே நடத்தினேன். கடைசிவரை சிரிக்காதவருக்குப் பரிசு. எல்லாரையும் போலப் பேசிக் காட்டினேன். பாதிரியாரான சபை ஐயரைக்கூட விடவில்லை. பேச்சு வேகத்தில், போன வருஷம் செத்துப்போன செல்வராஜைப் போலவும் பேசிவிட்டேன். அவன் பெண்சாதி எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. அவள்தான் ஜெயித்தாள்.

பரிசைக் கொடுத்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

"இன்னாத்துக்குண்ணே? அப்படியே அவரு குரலு. பாப்பா பொறக்கறதுக்கு முன்னயே பூட்டாரே. நாளைக்குத் தூக்கிக்கினு வர்றேன், அது பேரைச் சொல்லி ஒரு தபா கூப்புடு."

தலையாட்டிவிட்டேன். அவன் கூப்பிட்டே இராத பெயர். எப்படிக் கூப்பிட்டிருப்பான்? இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

உள்ளே படுத்திருந்த என் சம்சாரம், "யாரு வந்துக்கீறது?" என்கிறாள்.