பேய் வாய் திறக்கக் கூடாது

நிரோஜாவின் அம்மாவுக்கு,

பூனாகலையில் மழை. தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகாமல் மகளோடு போனில் மாய உலக விளையாட்டு ஆடினேன். கையில் வாள் இருந்தும், செடியைக் கண்டதும் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றேன். பூதம் கொன்றது, உடனே உயிரோடு எழுந்தேன். என்ன கணக்கோ, விளங்கவில்லை.

உன் தம்பி பதுளையிலிருந்து ஒரு திகில் விளையாட்டுப் பலகையும் வாங்கி வந்தான். அதில் ஒருவர் பேய். பேய் வாய் திறக்கக் கூடாது; படம் மட்டும் காட்டலாம். பேய்க்கு என்ன நடந்தது என்று மற்றவர்கள் அந்தப் படங்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

"அம்மாவையே பேயா வைப்போம்ப்பா. குவைத்துக்குப் போனதுல இருந்து படம் மட்டுந்தானே அனுப்புறாங்க?" என்றாள் மகள்.

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஏனோ உன் படங்களை வரிசையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாய். அங்கே அப்படித்தான் நிற்பார்களா?

அடுத்த படத்தில் இரண்டு கையும் தெரிய நில்.

உன் மகளின் அப்பா