சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்க

ஆச்சி,

உங்கள் மகள் நேற்று வந்து, நீங்கள் வாசித்த அந்தப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பிரித்ததும் வசம்பு வாசனை. பூச்சி அரிக்காமலிருக்க நீங்கள் பக்கங்களுக்கு நடுவே செருகிய துண்டுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை வயதுக்குப் பிறகும்! நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது காரைக்குடிக்கே தெரியும். பல்லி கத்தினாலே படுத்துவிடுகிறவள். நீங்களோ இந்த வீட்டின் மூத்த மருமகள், எதற்கும் அசையமாட்டீர்கள். அறுபதுகளின் கடைசி அது. உங்கள் வீட்டுக்காரரும் அவர் தம்பியான என் வீட்டுக்காரரும் பாகம் பிரிப்பதில் முகம் திருப்பிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கோடை விடுமுறையில்தானா நீங்கள் உங்கள் பிள்ளைகளையும் என் பையன்கள் இருவரையும் முற்றத்தில் உட்காரவைத்து, அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டு அழிகிற அந்தப் பெரிய பழங்கதையை வாசிக்க வேண்டும்? கோயில் மண்டபத்தில் வாசிப்பதுதான் நம் வழக்கம். வீட்டுக்குள் வாசித்தால் வீடு பிளந்துவிடும் என்பார்கள்.

"வேணாம் ஆச்சி, வீடு ரெண்டாப் போயிரும்னு சொல்றாகள்ல" என்று உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"இப்ப மட்டும் ஒண்ணாவா இருக்கு? இது எங்க கொண்டுபோய் விடும்னு பிள்ளைகளுக்காச்சும் தெரியட்டும், விடு."

செய்யுளை ராகம் போட்டுப் பாடுவீர்கள். பிறகு நம் பேச்சில் சொல்வீர்கள். தோற்றவர்கள் காட்டுக்குப் போன இடத்தில் என் சின்னவன் தேம்பித் தேம்பி அழுதான். நான் அடுப்படி வாசலில் நின்று ஒரு காதால் கதையையும் மறு காதால் வாசலில் செருப்புச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதையில் போர் தொடங்குவதற்குள் வீட்டில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. முற்றத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. நாம் வாசித்ததால்தான் வந்தது என்றே நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன். "அங்குட்டு எவனாச்சும் போனீங்க, காலை முறிச்சுப்புடுவேன்" என்று என் வீட்டுக்காரர் பையன்களிடம் கத்தினார். கதை பாதியில் நின்றுபோனதே என்று சின்னவன் சோற்றைத் தொடவில்லை.

சில நாள் கழித்து ஒரு மதியம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வந்தது. ஊரைக் கூட்டுகிற குரல். பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவ்வளவு சத்தம் எதற்கு? என் பையன்கள் ஓடிப்போய்ச் சுவரோடு காதை ஒட்டிக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை. குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

தினமும் நின்றேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் நேரத்தோடு வந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. என்னையும் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை. நேரே சுவரிடம் போய்க் கையை ஓங்கினார். உங்களை ஏசப்போகிறார், அடுத்தது நான்தான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அவருடைய அண்ணன். அவரும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கண்ணைத் திறந்தபோது ஓங்கிய கை இறங்கியிருந்தது. "வீட்டுல வச்சு இதைப் படிக்கக் கூடாதுன்னு அவுகளுக்குத் தெரியாதாக்கும்?" என்று என்னிடம் முணுமுணுத்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கதை முடிகிறவரை மதியம் தவறாமல் வந்தார். ஆனாலும் அண்ணனும் தம்பியும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

இப்போது உங்கள் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. என் பக்கத்தில், அன்று சுவரில் காதை வைத்துக் கேட்ட என் மகன்கள் இருவரும் போன பொங்கலிலிருந்து பேசுவதில்லை. சின்னவன் மாடியில், பெரியவன் கீழே. செங்கல் வண்டி சத்தம் தெருவில் கேட்டாலே வாசலுக்கு ஓடி, நம் வீட்டில் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

இன்று மதியம் பெரியவன் மகளை முற்றத்தில் உட்காரவைத்தேன். முதல் பக்கத்தை வாசித்தேன்.

"ஏன் அப்பத்தா இப்படிக் கத்துறீக? நான் பக்கத்துலதானே இருக்கேன்?"

"மாடிக்கும் கேக்கணும்ல ஆத்தா."