மச்சானுக்கு யார் சொன்னது?

வியாழக்கிழமை, இரவு.

நெல் ஏற்றப்போன என் புது லொறி மாவடிப்பள்ளி வயலோரத்தில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுவிட்டது. அதை விற்ற கொம்பனிக்குப் போன் அடித்தேன். "கோளாறு பாக்கிற கொம்பியூட்டர் கொழும்பிலிருந்து வரணும் சேர். வெளி மெக்கானிக் தொட்டா வொரண்டி இல்ல" என்றான் சேர்விஸ்காரன். எப்போது வரும் என்று கேட்டேன்; "பிறகு சொல்றம் சேர்" என்று போனை வைத்துவிட்டான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்த நெல்லை ஆலைக்காரர் எடுக்கமாட்டார்.

சற்று நேரத்தில் மச்சான் என் பழைய லொறியை ஓட்டிக்கொண்டு வந்தான். அதை அவனுக்குத்தான் விற்றிருந்தேன். புதியது வாங்கச் சொல்லிக் கொம்பனிக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான்.

"பழசு பழசெண்டு தள்ளினீங்களே மச்சான், ஏத்துவமா?" என்று சிரித்தான்.

வேறு வழியில்லை, ஏற்றவிட்டேன். ஆனால் லொறி நின்றதைக் கொம்பனிக்கு மட்டுமே சொல்லியிருந்தேன்.

போகும்போது சொன்னான்: "யோசிக்காதீங்க மச்சான், ஞாயிறு பின்னேரம் கொம்பியூட்டர் வந்திரும்."

கொம்பனி எனக்கு இன்னும் நாள் சொல்லவில்லை.