மொட்டை மாடியில் வரைந்த வீடு

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலும் சௌக்கியம், என் தையல் மெஷினுக்குத்தான் இரண்டு நாளாக உடம்பு சரியில்லை, நூலை அறுத்து அறுத்துப் போடுகிறது. அங்கே நீயும் உன் புது வீடும் எப்படி இருக்கிறீர்கள்? நீ அனுப்பிய கவர் திங்கட்கிழமை வந்தது. உள்ளே சாவியைப் பார்த்தேன், அதோடு வைத்திருந்த சீட்டையும் படித்தேன். இதுவும் உங்க வீடுதாம்மா, கோபப்படாதே என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் என்று உனக்கு யார் சொன்னது? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் ஒரு மாதமாக அந்தப் போனில்தான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன், அதையே காதில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதியில் உன் அப்பா வேறு பிடுங்கிக்கொண்டு வானிலை விசாரிப்பார்.

போன வியாழக்கிழமை நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். தூரத்து வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அந்த ஒற்றை அறை வீட்டையே எடுத்துக்கொண்டேன், உங்கள் இரண்டு பேருக்கும் அறை இல்லாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள் என்று மூன்று தடவை சொன்னாய். நான் ஒரு வார்த்தை பேசாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய், எடுத்துக்கொள்ளத்தான் செய்வாய், நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ. ஆனால் அன்றைக்கு நடந்தது வேறு. நீ சொன்னதைக் கேட்டதும் அப்படியே என் தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பேச்சு வரவில்லை. என் வயிற்றில் பால் வார்த்தாய் சுண்டு. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது நீ பத்து நாள் லீவு போட்டு ஓடி வந்தாய். ஊருக்குக் கிளம்பும்போது, அடுத்து நான் எடுக்கும் வீட்டில் உங்களுக்கு ஓர் அறை இருக்கும் என்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் தலையை ஆட்டிவைத்தேன். பிள்ளை ஆசையாகச் சொல்கிறது, இப்போது என்ன வந்தது என்று நினைத்தேன். பார்த்தால் உனக்கு நிஜமாகவே புது ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்துவிட்டது, வீடும் தேட ஆரம்பித்துவிட்டாய். ஊருக்கு வெளியே ஒரு வீடு, இரண்டு படுக்கையறை, வெளிச்சமான ஜன்னல், ஆனால் இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிஷ நடையில் இன்னொரு வீடு, புத்தக பைண்டிங் கடைக்கு மேலே, ஓர் அறையும் ஒரு சமையலறையும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ அந்தப் பெரிய வீட்டைப் பற்றியே பேசினாய். அம்மா, உன் மெஷினை ஜன்னலோரம் போடலாம் என்றாய். அப்பா உட்காரப் பால்கனி இருக்கிறது என்றாய். நான் ஆமாம் ஆமாம் ரொம்ப நன்றாக இருக்கும் என்றேன். உன் லேப் வேலை காலை ஆறு மணிக்கு ஆரம்பம், அந்த வீட்டிலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு மூன்றரைக்கு எழ வேண்டும் என்று கணக்குப் போடத் தெரியாதவளா நான்? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அப்பாவுக்கு அங்கே வர ஆசை என்று நினைத்தேன். விழுந்ததிலிருந்து அவருக்கு உள்ளூர ஒரு பயம், மகள் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருப்பார் என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன். வரும் மாதத்திலிருந்து வேலை எடுப்பதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது மெஷினை, சட்டை பட்டனுக்குக் காஜா போடும் அக்காவுக்கே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நீ அந்த வீட்டின் அளவுகளை அனுப்பினாய் அல்லவா, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. எனக்குத்தான் காகிதத்தில் சின்னதாகப் போட்ட படம் புரியாதே. எதுவானாலும் முழு அளவில் வெட்டிப் பார்த்தால்தான் தலையில் ஏறும். அதனால் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸை ஒரு டப்பா எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அப்பா இன்ச் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். உன் வீட்டைத் தரையில் அப்படியே வரைந்தோம். ஹால் வந்தது, எங்கள் அறை வந்தது, உன் அறை பாதி வந்தது, சமையலறை தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. கீழ்வீட்டு டீச்சர் துணி உலர்த்த மேலே வந்தவர், வாளியோடு கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று கேட்டார். வாசல் அந்தப் பக்கம் என்று அப்பா கை காட்டினார், அவரும் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே வந்து துணியைக் காயப்போட்டுவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

அப்புறம் அப்பா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் அறைக்குள் போட்டு, ஜன்னல் வரைந்த பக்கம் பார்த்து உட்கார்ந்தார். நான் மெஷின் போடும் இடத்தில் நின்றேன். காலை எட்டு மணி வெயில். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மணி எட்டு. அவ கிளம்பிப் போய் மூணரை மணி நேரம் ஆச்சு. வர இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு. அது வரைக்கும் நான் இங்க என்ன பண்றது?" முப்பது வருஷம் பம்ப் ஹவுஸில் ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்ட மனிதர், இப்போதும் தினம் காலையில் முடிதிருத்தும் கடைக்குப் போய், கடைக்காரர் கத்திரியைப் பிடித்திருக்க இவர் பேப்பரை உரக்கப் படிக்கிறவர். அவர் ஒரு நாள் போகாவிட்டால் அந்தக் கடைக்கே செய்தி தெரியாது. அவரை அந்தக் கோட்டுக்குள் பார்த்ததும் எனக்கு ஏதோ ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கிறவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கும் அங்கே போய் இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "உனக்காகத்தானே நான் சரி சரின்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்குத் தனிமை என்று அவர் நினைத்திருக்கிறார், அவருக்குப் பயம் என்று நான் நினைத்திருக்கிறேன், இரண்டு பேரும் மாறி மாறி விட்டுக்கொடுத்து உன்னைக் கொண்டுபோய் ஊர்க்கோடியில் தள்ள இருந்தோம்.

உடனே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தப்பு. ஞாயிற்றுக்கிழமை நீ பால்கனி என்று ஆரம்பித்ததும் இரண்டு பேருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை இவ்வளவு பாடுபட்டுத் தேடுகிறது, வேண்டாம் என்றால் தன்னை ஒதுக்குகிறோம் என்று நினைக்குமே என்று பூசி மெழுகினோம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. இதற்குள் நீ அந்தத் தூரத்து வீட்டுக்காரரைக் கேட்டு மூன்று நாள் அங்கே தங்கி வேலைக்குப் போய்வந்து பார்த்தாயாம், மூன்றாம் நாள் தூக்கக் கலக்கத்தில் ஒருவருடைய ரத்தம் எடுத்த குப்பியில் இன்னொருவர் பெயர்ச்சீட்டை ஒட்டப் போய்க் கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டாயாம், அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாளும் உனக்கு வந்திருக்காது. மன்னிப்பு நீ கேட்க வேண்டியதில்லை, நாங்கள்தான் கேட்க வேண்டும், கேட்டுக்கொள்கிறோம்.

அப்பாவைப் பற்றிய உன் கவலை எனக்குத் தெரியும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று, ரப்பர் விரிப்பும் வாங்கியாயிற்று. அன்றைக்கு அவர் விழுந்தபோது நான் கடையில் இருந்தேன், நீ எங்கேயோ இருந்தாய், சத்தம் கேட்டு மேலே ஓடி வந்து கதவைத் திறந்தது டீச்சர்தான், அவரிடம் நம் வீட்டுச் சாவி ஒன்று இருந்ததால்தான் திறக்க முடிந்தது. அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. முடியாத நாள் ஒன்று வரும், வராமல் இருக்காது. அன்றைக்கு நாங்களே வாய் திறந்து கேட்போம், பால்கனி இருக்கிறதா என்றும் கேட்போம். அது வரைக்கும் எங்களை எங்கள் பாட்டுக்கு விடு. காஜா அக்காவிடம் மெஷினைத் திருப்பிக் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது, நேற்று போய் சும்மா பேசிவிட்டு வந்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, எப்ப வேணும் என்றார்.

நீ அப்பாவிடம் போனில் சொன்ன அளவை வைத்து உன் சின்ன வீட்டையும் ஞாயிற்றுக்கிழமை மாடியில் வரைந்தோம். முழுசாக அடங்கிவிட்டது, இடமும் மீந்தது. கட்டிலைக் கதவுப் பக்கம் போடாதே, கதவு திறந்தால் இடிக்கும், நான் நடந்து பார்த்துவிட்டேன். ஜன்னல் சுவரோரம் போடு. அலமாரியைச் சமையலறைச் சுவரில் சாய்த்துவிட்டால் நடுவில் ஏழடிக்கு ஐந்தடி மிஞ்சுகிறது, நாங்கள் பத்து நாள் வந்தால் பாய் விரிக்க அது போதும். அப்பா படுத்தே பார்த்தார். கால் ஒரு சாண் சமையலறைக்குள் போகிறது, விடிந்ததும் காப்பி போடச் சௌகரியம் என்கிறார். கீழே பசை வாசனை வரும் என்று எழுதியிருந்தாய், அதற்காக ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்காதே. ராத்திரி வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, இப்போது எட்டு நிமிஷத்தில் வீடு வந்துவிடுகிறது, சமைக்க நேரமில்லை என்று இனி என்னிடம் சொல்ல முடியாது.

இந்தப் பார்சலில் உன் ஜன்னலுக்கு இரண்டு திரை தைத்து அனுப்பியிருக்கிறேன், நீல நிறம், வெளுக்காத துணி. இடது பக்கத் திரையின் கீழ் மடிப்பு கொஞ்சம் கனமாக இருக்கும். அந்த இடத்தில் மட்டும் பெரிய தையலாகப் போட்டிருக்கிறேன், பிரித்துப் பார். நீ அனுப்பிய சாவி அதற்குள் இருக்கிறது. அப்பா அதை இரண்டு நாள் ஆணியில் மாட்டி, போகும்போதும் வரும்போதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நேற்று அவரே எடுத்து வந்து என் மெஷின் மேல் வைத்தார். "இது இங்க இருந்து என்ன பிரயோஜனம், அவளுக்கு ஒண்ணுன்னா நாம போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும்" என்றார். அவர் சொல்வது சரி. நீ குடிவந்த அன்றைக்குச் சுத்தியல் கொடுத்து, வெந்நீரும் போட்டுக் கொடுத்த பைண்டிங் கடை அம்மாளிடம் அதைக் கொடுத்து வை. நாலு நாள் பழகிப் பார்த்துவிட்டுக் கொடு, ஆனால் கொடு. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவர் கையில்தான் அது இருக்க வேண்டும். எங்களுக்குச் சாவி வேண்டாம். நாங்கள் வந்தால் மணி அடிக்கிறோம், நீ வந்து கதவைத் திற.

புது வீட்டில் நீ நோய் நொடியில்லாமல், நன்றாகத் தூங்கி எழுந்து, நிறைவாக இருக்க வேண்டும். அப்பாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். திரை ஜன்னலுக்குச் சரியாக வந்ததா என்று எழுது. மணி அடித்தால் உடனே திறந்துவிடாதே, யார் என்று கேள். நாங்கள்தான் என்று சொல்வோம்.

இப்படிக்கு,
கோபமே இல்லாத உன் அம்மா