காசிநாதன் சாரிடம் சொல்ல வேண்டியது

தா.பழூர்
18.2.1982

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாக்கண்ணு எழுதுவது. இங்கே நானும் அத்தையும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். நீங்கள் ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. அத்தை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நானும் போனேன். வயலில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. அறுத்தேன், கட்டினேன், தூக்கினேன், வந்து சாப்பிட்டேன். தூளி கட்டியிருந்த நீலச் சேலையை அவிழ்த்துத் துவைத்து உடுத்திக்கொண்டேன். அதைப் பார்த்து அத்தை அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போய்விட்டேன் போலிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்தது. கணக்கு ஒன்றும் புரியவில்லை, பரீட்சை எழுதிப் பயனில்லை, படிப்பை விட்டுவிட்டு அரியலூர் குவாரியில் சேர்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் எடுக்கிறார்களா என்று அங்கே வேலை பார்க்கும் ராசாங்கம் அண்ணனிடம் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். அவர் சொன்ன பதிலை உங்களுக்கு எழுதப்போவதில்லை. கடைசி வருஷம், ஏப்ரலில் பரீட்சை. இதற்கு முன்னால் நீங்கள் எதிலும் பெயிலானதில்லை. பாப்பாவுக்கு முடியாமல் போனபோது வந்து இங்கே இருந்தீர்களே, அந்த நாட்களில் நடத்திய பாடம்தான் தெரியவில்லை. அதற்குப் பிறகு நடத்துவதும் அதனால்தான் புரியவில்லை. இது எட்டாவது படித்த எனக்கே தெரிகிறது.

உடையார்பாளையம் பழனிவேல் அண்ணன் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். உங்கள் காலேஜில் உங்களுக்கு முன்னால் படித்தவர், இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்குக் கணக்கு நடத்தும் காசிநாதன் சார் வகுப்பு முடிந்ததும், சந்தேகம் இருந்தால் ரூமுக்கு வாங்கடா என்று சொல்லிவிட்டுத்தான் போவாராம். யாரும் போகமாட்டார்களாம். நீங்களும் இதை ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறீர்கள். பழனிவேல் அண்ணனும் அந்த வாசல்வரை போய்ப் போய்த் திரும்பியவர்தானாம். “எது புரியலைன்னு கேட்பாரே, அதைச் சொல்லத் தெரியலையேன்னு பயம் தங்கச்சி. ஒருநா உள்ள போயி ஒண்ணுமே புரியல சார்னு சொல்லிட்டேன். சரி உக்காருன்னுட்டாரு. அவ்ளோதான்” என்றார். உங்களைப் போகச் சொல்லி எழுதச் சொன்னார்.

ஆனால் நீங்கள் போகமாட்டீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணம் ஆனதை ஹாஸ்டலில் யாருக்கும் சொல்லவில்லை என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. பையன்கள் கேலி செய்வார்கள் என்றீர்கள். திருச்சியில் பிரம்மச்சாரி, தா.பழூரில் குடும்பஸ்தர், நல்ல பிழைப்புதான் என்று நானும் சிரித்தேன். பிள்ளை பிறந்தபோதும் சொல்லவில்லை. சரி, பிறகு சொல்வார் என்று விட்டுவிட்டேன். போன மாதம் உங்களுக்கு ஜுரம் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தீர்கள். திரும்பிப் போன அன்று காசிநாதன் சார் உங்களை நிறுத்தி, ஜுரம் விட்டுவிட்டதா என்று கேட்டாராம். விட்டுவிட்டது சார் என்று சொன்னீர்களாம். இதை நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜுரம் விடவில்லை மாமா. அரியலூர் ஆஸ்பத்திரியில் என் மடியில் கிடந்தவளுக்குக் கடைசிவரை விடவில்லை.

சின்னப் பிள்ளை என்று பதினாறாம் நாள் காரியம்கூட வைக்கவில்லை. அது வழக்கமில்லை என்றார்கள். காரியம் வைத்திருந்தால் சீட்டு அடித்து ஊர் ஊராகச் சொல்லி அனுப்பியிருப்போம். அதில் அவள் பெயர் இருந்திருக்கும். வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டு வந்து கால் கழுவியதோடு முடிந்துவிட்டது. தெருவில் இப்போதே பேச்சை மாற்றிவிட்டார்கள். இன்னொன்று பிறக்கும் என்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காசிநாதன் சார் ரூமுக்குள் போங்கள். வாசலில் நிற்க வேண்டாம். ஜுரம் எனக்கில்லை சார், என் மகளுக்கு என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், பொய் சொன்னதற்கு இரண்டு திட்டு வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. அதன் பிறகு ஒண்ணுமே புரியல சார் என்று சொல்லுங்கள். உட்காரச் சொல்வார். பாஸ் பண்ணிவிட்டு வந்தால் சந்தோஷம்தான். அதைவிட எனக்கு வேண்டியது வேறு. அவர் என்ன பெயர் என்று கேட்காவிட்டாலும், இருசம்மாள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஒன்றரை வயது என்றும் சொல்லுங்கள். அந்த ஊரில் ஒருத்தருக்காவது அவள் இருந்தாள் என்று தெரியட்டும்.

சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதைப் படித்தால் அழுகை வருமோ என்னவோ.

இப்படிக்கு,
இருசம்மாளின் அம்மா,
அம்மாக்கண்ணு